வன்னியில கான்சர் வருத்தக்காரர் குழுவாச் சேருறது எப்பிடி

கான்சர் எண்டு தெரிஞ்சோடன எங்கட சனம் முதல் செய்யிறது மறைக்கிறதுதான், அயலுக்க என்ன கதைப்பினமோ, பிள்ளையின்ர கலியாணம் குழம்பிடுமோ எண்டு பயம். தொத்துற வருத்தமே இல்ல, எண்டாலும் தனிக்கோப்பை வைச்சு மூலையில இருத்திற வீடுகள் இருக்கு. அதாலதான் சொல்லுறன், அதே வருத்தம் பட்ட ஆக்களோட கதைக்க ஒரு இடம் கட்டாயம் வேணும்.

ஆக்களை எங்க பிடிக்கிறது? முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்தில இருந்து கன பேர் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக் கான்சர் ஆஸ்பத்திரிக்குத்தான் போறவை, வெள்ளண பஸ் ஏறி கிளினிக் வாங்கில மணிக்கணக்கா இருக்கேக்க பக்கத்தில இருக்கிறவையோட கதை குடுங்கோ, விருப்பமெண்டா நம்பர் வாங்குங்கோ. நாலைஞ்சு பேர் காணும்.

மாதம் ஒருக்கா சனசமூக நிலையத்திலயோ ஆரின்ரையும் வீட்டு முத்தத்திலயோ கூடலாம். கீமோ, அதான் கான்சர் மருந்து, ஏத்தின கிழமை உடம்புக்கு ஏலாது, அதைப் பாத்து நாள் வையுங்கோ. தடிமன் காய்ச்சல்காரர் அண்டைக்கு வரவேண்டாம், கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறைஞ்சிருக்கும், கிருமி லேசாத் தொத்திடும். கூட்டமெண்டா வெத்திலைத் தட்டம் வைக்கிறது எங்கட வழக்கம், இங்க வேண்டவே வேண்டாம், பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றைக் கொண்டு வாற சாமான்.

என்ன கதைக்கிறது? வாய்ப்புண்ணுக்கு உப்புத்தண்ணி கொப்பளிக்கிறது, உறைப்புப் புளி இல்லாமக் கஞ்சி காய்ச்சிறது, முடி கொட்டேக்க பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது, இதெல்லாம் பட்டவைக்குத்தான் தெரியும். கீமோ எடுக்கிற ஆளுக்கு காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டா விடியட்டும் எண்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடோணும், இதை எல்லாருக்கும் பாடமாக்கி விடுங்கோ. பிரதேச செயலகத்தில என்ன உதவி எடுக்கலாம் எண்டதும் இப்பிடித்தான் வாய்வழியா வரும்.

குழுவில சேர்ந்தா ஆயுள் கூடுமோ? 1989இல அமெரிக்க ஆய்வொண்டு கூடும் எண்டுது, பிறகு 2001இல கனடாவில மார்புப்புற்று பரவின 235 பெண்களை வைச்சுப் பாத்ததில ஆயுள் கூடேல்ல, ஆனா மனவேதனையும் நோவும் குறைஞ்சது, அதுவும் கனக்க நொந்து போயிருந்தவைக்கு. எனக்கு அதுவே பெரிய விசயம்.

ரெண்டு விசயத்தில இறுக்கமா நில்லுங்கோ. இங்க கதைச்சது வெளிய போகக்கூடாது. கசாயம், பவுடர் விக்கிறவையை உள்ள விடக்கூடாது, கீமோவை விட்டிட்டு இதைக் குடி எண்டு ஒராள் சொன்னாலே ஒரு உயிர் போயிடும்.

பராமரிக்கிறவையைத் தனிய இருத்திக் கதைக்க விடுங்கோ, மனுசிக்கு முன்னால அழாத மனுசன் அங்க அழுவார். குழுவில ஆரும் தவறிப்போனா வட்ஸ்அப்பில போடாம ஒவ்வொராளுக்கும் போன் எடுத்துச் சொல்லுங்கோ, அந்த மாதக் கூட்டத்தை மட்டும் தள்ளிப் போடாதேங்கோ.