குர்பானை இரண்டு தடவை பார்ப்பது எப்படி

‘குர்பான்’ 2009-இல் வந்த இந்திப் படம். ரென்ஸில் டிசில்வா இயக்கினார். கணவன் எஹ்சானாக சைஃப் அலி கான், மனைவி அவந்திகாவாக கரீனா கபூர். அந்தக் கணவன் ஒரு தீவிரவாதி. முடிச்சைப் போட்டு உடைத்துவிட்டேனே என்று கோபப்படாதீர்கள், படமே அதை ரொம்ப நேரம் மறைத்து வைப்பதில்லை.

முதல் தடவை ஜோடியாக உட்கார்ந்து பாருங்கள். சப்டைட்டில் கட்டாயம். மத்யமா பரீட்சை வரை படித்த என் இந்தி, உருது கலந்த வசனத்துக்கு முன்னால் திணறிவிட்டது. ‘குர்பான்’ என்றால் பலி என்று தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

டெல்லிக் காட்சிகளில் பாட்டு வந்ததும் ரிமோட்டைத் தேடாதீர்கள். ‘சுக்ரன் அல்லா’ பாட்டை ஓட்டிவிட்டால், பின்னால் அவந்திகா எதை இழந்தாள் என்பதே உங்களுக்கு உறைக்காது. அவள் வேலைக்காக நியூயார்க் திரும்ப வேண்டும். ‘என் வேலையை விட்டுவிட்டு நானும் வருகிறேன்’ என்கிறான் எஹ்சான். அந்த இடத்தில் நான் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்து, “பாத்துக்குங்க, பொண்டாட்டிக்காக வேலையையே விடுறான்” என்றேன். அவர் பதில் பேசவில்லை.

நியூயார்க் போனதும் குண்டு, ரயில் எல்லாம் வரும். விவேக் ஓபராயின் பழிவாங்கும் கதையும் வரும், அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நீங்கள் வீட்டுக்குள்ளேயே கண் வையுங்கள். பக்கத்து வீட்டு சல்மா ரகசியமாக உதவி கேட்கிற இடத்திலிருந்து அந்தத் தெருவே வேறு மாதிரி தெரியும். “போலீசுக்கு ஒரு போன் போட வேண்டியதுதானே?” என்று பக்கத்தில் இருப்பவர் கண்டிப்பாகக் கேட்பார். அங்கே படத்தை நிறுத்திப் பேசுங்கள். அவந்திகா வயிற்றில் குழந்தை, சுற்றிலும் எஹ்சானின் ஆட்கள். அப்புறம், நேற்று வரை நேசித்தவனைக் காட்டிக்கொடுக்க விரல் எழ வேண்டுமே.

‘ரோஜா’ நினைவுக்கு வரும். அதில் தீவிரவாதிகள் வெளியிலிருந்து வந்து புருஷனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் அழுது, சண்டை போட்டு, மந்திரி வரை போய்க் கேட்க முடிந்தது. அவந்திகா யாரை மீட்டுத் தரச் சொல்லிக் கேட்பாள்?

ஒரு வாரம் கழித்து இரண்டாம் தடவை பாருங்கள். டெல்லிப் பகுதி மட்டும் போதும். இப்போது சைஃபின் சிரிப்பை மட்டும் கவனியுங்கள். எந்தச் சிரிப்பு நிஜம், எது திட்டம் என்று பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. வேலையை விடுகிற அதே காட்சி வந்தது. அவன் விடுவது வேலையை அல்ல, அமெரிக்காவுக்குள் நுழைய வழி பிடிக்கிறான். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்ன, இந்தத் தடவை இடிக்கலையா?” என்றார் வீட்டுக்காரர்.