வீட்ட ஒடைக்காம உங்களுக்குப் புடிச்ச வாழ்க்கைய கேட்டு வாங்குறது எப்படி (ரங்கூன் பசங்களுக்கு)

நம்ம ஊர்ல மெட்ரிக் மார்க்கு தான் பாதி வாழ்க்கைய முடிவு பண்ணுது, மார்க்கு நெறைய வந்தா டாக்டர் படிப்பு, கொறஞ்சா அப்பா கடை, இல்லன்னா மலேசியா சிங்கப்பூர் ஏஜென்ட். இதுக்கு நடுவுல எனக்கு தையல் தான் புடிக்கும்னு சொல்ல தைரியம் வேணும், அத கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்கலாம்.

மொதல்ல என்ன வேணும்னு ஒரு நாள் கணக்கா எழுதுங்க. எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க, எங்க வேல, வாடகை யாரு கட்டுவா, அம்மாவுக்கு மாசம் எவ்ளோ குடுப்பீங்க. "என் இஷ்டப்படி வாழணும்"னு மட்டும் சொன்னா வீட்டுல பயம் தான் வரும்.

அடுத்தது தான் ரொம்ப முக்கியம், பேசுறதுக்கு முன்னாடி அவங்க பயம் எங்கேருந்து வருதுன்னு கேளுங்க. தாத்தா காலத்துல, 1964ல, கடைங்கள அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அதே வருஷம் 50 கியாட் 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க, நம்மாளுங்க லட்சக்கணக்குல கப்பலேறி மெட்ராஸ் போனாங்க. 1987ல திரும்பவும் 25, 35, 75 நோட்டு போச்சு. இப்ப 2024ல ராணுவத்துக்கு ஆள் எடுக்குற சட்டத்த வேற அமல்படுத்திட்டாங்க. இத்தனையும் பாத்த குடும்பம் "ரிஸ்க் எடுக்காத"ன்னு சொன்னா அது உங்க மேல வெறுப்பு இல்ல. பாட்டிய ஒரு சாயங்காலம் ஒக்கார வெச்சு அந்தக் கதைய முழுசா கேளுங்க, குறுக்க பேசாதீங்க, அவங்க கேக்க நெனைக்கிறது ஒன்னே ஒன்னு தான், எல்லாம் போச்சுன்னா என்ன பண்ணுவ. அதுக்கு பதில் ரெடியா இருக்கணும்.

அந்த பதில் காசு தான். ஆறு மாச செலவ கைல வெச்சுட்டு பேசுங்க, நோட்டா வெக்காம நம்ம பெரியவங்க மாதிரி பே கணக்குல (பே-ங்கறது இங்க தங்கம் நிறுக்குற சின்ன எடை) தங்கமா சேத்தா நல்லது. கடைய விட்டுட்டு ஓடாதீங்க, கடை மூடுன பொறவு ராத்திரில ரெண்டு ஆர்டர் தெச்சு குடுத்துப் பாருங்க, வாங்குனவங்க திரும்பி வர்றாங்களான்னு தெரியும்.

அப்பாகிட்ட நேரா போறத விட பெரியப்பாவோ மாமாவோ ஒருத்தர மொதல்ல நம்ம பக்கம் இழுங்க. "ஒரு வருஷம் குடுங்கப்பா, நடக்கலன்னா கடைக்கு வந்துடுறேன்"னு கெடு சொல்லி கேளுங்க, சொன்னா காப்பாத்தணும். முடியாதுன்னா சண்டை வேணாம், ராத்திரி வேலைய விடாம பண்ணிட்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப கேளுங்க.

கல்யாண விஷயத்துல மட்டும் இப்படி பொறுத்துப் போகாதீங்கம்மா. வேணாம்னா தட்டு மாத்துறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், அதுக்கப்புறம் சொன்னா ரெண்டு குடும்பத்துக்கும் வலி, மாப்பிள்ளை வீடு அடுத்த வாரம் வர்றாங்கன்னா இன்னைக்கு ராத்திரியே அத்தைக்கிட்ட வாயத் தொறந்து சொல்லுங்க.