நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பாகுபாடு: நிர்வாகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண் ஊழியர்களை வெளிப்படையாக இழிவுபடுத்தும் நிர்வாகத்தை அடையாளம் காண்பது எளிது. தாங்கள் நடுநிலையோடு நடப்பதாக உண்மையிலேயே நம்பும் நிர்வாகங்கள் இழைக்கும் தவறுகளே கண்ணில் படுவதில்லை.

முதன்மையானது ஊதியம் பற்றியது. ஒரே பதவியில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1951ஆம் ஆண்டு ஏற்ற 100ஆவது உடன்படிக்கை, சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்கிறது. பெண்கள் மிகுந்த பிரிவின் வேலையும் ஆண்கள் மிகுந்த பிரிவின் வேலையும் பெயரில் வேறுபட்டாலும், அவற்றுக்கான திறன், உழைப்பு, பொறுப்பு, பணிச்சூழல் ஆகியவற்றை ஒப்பிட்ட பிறகே ஊதியத்தை நிர்ணயிக்க வேண்டும். புதிதாகச் சேருபவரின் பழைய சம்பளத்தைக் கேட்டு அதன்மேல் சற்றுக் கூட்டித் தரும் வழக்கமும் ஆபத்தானது. முந்தைய நிறுவனம் குறைத்துக் கொடுத்திருந்தால், அந்தக் குறை யாருடைய தீய எண்ணமும் இல்லாமலேயே புதிய இடத்திலும் தொடர்கிறது.

அடுத்தது, கரிசனம் என்ற பெயரில் எடுக்கப்படும் முடிவு. கைக்குழந்தை இருக்கிறதே என்று ஒரு பெண்ணை வெளியூர்ப் பணியிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் விலக்குவார்கள். பின்னர் பதவி உயர்வு வரும்போது, அனுபவம் போதாது என்று அதே நிர்வாகம் சொல்லும். 2023ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், ஆண் பெண் வருமான இடைவெளியின் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்த பிறகே உருவாகிறது என்று காட்டியிருக்கிறார். ஆகவே மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்புபவருக்கு முன்பிருந்த பொறுப்புகள் அப்படியே கிடைக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குழந்தையைக் கவனிக்க விடுப்புக் கேட்கும் தந்தையைக் கேலி செய்வதும் பாகுபாடுதான். அது வீட்டுப் பொறுப்பு முழுவதையும் மறுபடி பெண்ணின் தலையில் ஏற்றிவிடுகிறது.

பணியிடத் தொல்லை பற்றிய புகார்களில் நேரும் தவறு இன்னும் கொடியது. புகார் கொடுத்தவரையே, அவருடைய பாதுகாப்பைக் காரணம் காட்டி, வேறு பிரிவுக்கு மாற்றினால் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். சம்பவம் அலுவலகத்துக்கு வெளியே நடந்தது என்று கைகழுவுவதும் செல்லாது. பணியிட வன்முறை, தொல்லை பற்றி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019ஆம் ஆண்டு ஏற்ற 190ஆவது உடன்படிக்கை, பணி தொடர்பான பயணம், பயிற்சி, விருந்து, இணையவழித் தொடர்பு ஆகியவற்றையும் பணி உலகின் பகுதியாகவே கொள்கிறது.