அறுவடை முடிந்த வயலில் கோல்ஃப் போட்டி நடத்துவது எப்படி

மாசி பிறந்து தாளடி நெல் அறுப்பு முடிந்து வயல் காய ஆரம்பித்ததும் எனக்கு போன் வந்துவிடும். "அண்ணே, இந்த வருஷம் போட்டி எப்போ?" நான் ஒரு கோல்ஃப் கிளப்பில் பயிற்சியாளன். ஊர் கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றுப் பக்கம். வருஷத்தில் பத்து மாதம் கிளப் மெம்பர்களுக்கு ஸ்விங் சொல்லித் தருகிறேன், கோடையில் ஊருக்கு வந்து தரிசாகக் கிடக்கும் வயலில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். இப்போது மன்னார்குடி, திருவையாறு பக்கமிருந்தும் எப்படி நடத்துவது என்று கேட்கிறார்கள். அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் டிவியில் காட்டும் கோல்ஃபை என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளப்பில், பெரிய போட்டி ஒன்றைப் பார்த்த ஜோரில் கமிட்டிக்காரர்கள் மாதாந்திரப் போட்டியையும் அதே மாதிரி வைத்தார்கள். எல்லோரும் கடைசி டீயிலிருந்து, அதாவது முதல் பந்தை அடிக்க இருப்பதிலேயே தூரமான இடத்திலிருந்து, ஆட வேண்டும், குழிக்கொடியை கிரீன் (குழியைச் சுற்றி மட்டமாக வெட்டிய புல்தரை) ஓரத்திலிருந்து நாலே எட்டில் நட வேண்டும். நானும் சரி என்று தலையாட்டினேன். ஒரு ரவுண்ட் முடிய ஆறு மணி நேரம் ஆனது. எழுபது வயதில் வாரம் தவறாமல் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் பன்னிரண்டாவது குழியோடு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார், அப்புறம் வரவே இல்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கேட்காது.

தொழில்முறைப் போட்டி என்பது நாலு நாள், 72 குழி. முதல் இரண்டு நாள் ஆடி முடித்ததும் ஒரு கோடு போடுவார்கள், அதற்குக் கீழே இருப்பவன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், பெரும்பாலான போட்டிகளில் அவனுக்கு ஒரு பைசா கிடையாது. நுழைவுக் கட்டணம், ரயில், ரூம், பை தூக்கும் கேடிக்குக் கூலி எல்லாம் அவன் கைக்காசு. நானும் சில போட்டிகள் ஆடி வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஊர் திரும்பியவன், அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களைச் சோதிக்கத்தான் அந்த மைதானத்தை அவ்வளவு கடினமாக வைக்கிறார்கள். நம் ஊர்ப் போட்டி, வந்தவன் அடுத்த வாரமும் வர வேண்டும் என்பதற்காக நடப்பது. இரண்டுக்கும் விதி ஒன்றுதான், நோக்கம் வேறு.

அப்படியானால் டிவியில் பார்க்க ஒன்றும் இல்லையா? நிறைய இருக்கிறது, எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். பையன்களிடம் நான் சொல்வது, பெண்கள் போட்டிகளைப் பாருங்கள் என்பது. அமெரிக்க ஆண்கள் டூரில், அதாவது தொழில்முறைப் போட்டி வரிசையில், 7 அயர்ன் என்கிற இரும்புத் தலை மட்டையால் அடித்த பந்து 170 கஜத்துக்கு மேல் பறக்கும், அது நம் உடம்புக்குச் சம்பந்தமில்லாத வேகம். பெண்கள் டூரில் அதே 7 அயர்ன் 140 கஜம் சொச்சம். வேகம் கிட்டத்தட்ட நம்முடையது, ஆனால் பந்து நேராகப் போகிறது. அதில்தான் பாடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு அதிதி அசோக் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கொரோனா வந்து தேறிய உடம்பு, தூரமாக அடிக்கும் டிரைவர் மட்டையில் தன்னோடு ஆடியவர்களுக்கு ரொம்பப் பின்னால், அம்மாதான் கேடி. பட்டிங்கை, அதாவது கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவதை, வைத்தே நாலு நாளும் முன்னணியில் நின்று நாலாவதாக வந்தார். ஒரே ஒரு ஷாட் குறைந்திருந்தால் பதக்கத்துக்கான பிளே-ஆஃப், அதாவது சமமாக முடித்தவர்கள் ஆடும் கூடுதல் ஆட்டம். அன்றைக்கு எங்கள் தெருவில் கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட விடியற்காலையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்று, டிவியில் குழிக்குள் விழுகிற பட் அடிகளைத்தான் காட்டுவார்கள். எட்டு அடியிலிருந்து உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களே பாதித் தடவைதான் குழியில் போடுகிறார்கள். இருபது அடியிலிருந்து என்றால் ஏழில் ஒன்று. மூன்று அடியில் மட்டும் அநேகமாகத் தவற விடுவதே இல்லை. ஆக, தூரத்திலிருந்து அடிக்கும் பந்து மூன்று அடிக்குள் வந்து நிற்க வேண்டும், அந்த மூன்று அடியைத் தவற விடக் கூடாது. ஊரில் பயிற்சி என்றால் பாதி நேரம் இதற்குத்தான் போக வேண்டும்.

சரி, நிலத்துக்கு வருவோம். ஒரு வேலி, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, அடுத்தடுத்துத் தரிசாகக் கிடைத்தால் 50 கஜத்திலிருந்து 110 கஜம் வரை தூரத்தில் ஆறு குழி தாராளமாகப் போடலாம். மூன்று குழியைத் திரும்ப ஆடினால் ஒன்பது. எல்லாமே பார் 3, அதாவது நன்றாக ஆடுபவர் மூன்று ஷாட்டில் முடிக்க வேண்டிய குழி. உளுந்தோ பயறோ தெளித்திருக்கிற வயலைத் தொடவே தொடாதீர்கள், பக்கத்து வயலில் இருந்தாலும் அந்தத் திசையில் குழி வைக்காதீர்கள். நிலத்துக்காரரிடம் நேரில் போய்க் கேளுங்கள், போனில் வேண்டாம். எங்கள் பெரியப்பா ஒருவர் முதல் வருஷம் கேட்ட ஒரே கேள்வி, "மாடு மேயுமே, அதுக்கு என்னடா பண்ணுவ?" நியாயமான கேள்வி. கோல்ஃப் பந்து 46 கிராம், கல் மாதிரி. மாட்டின் மேல் பட்டாலும் ஆள் மேல் பட்டாலும் ஆபத்து. அதனால் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள், மேய்ச்சலுக்கு ஓட்டுகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பந்து தப்பான பக்கம் போனால் "பந்து! பந்து!" என்று தொண்டை கிழியக் கத்தப் பழக்குங்கள். கோல்ஃப் வழக்கப்படி "ஃபோர்" என்று கத்தினால் வரப்பில் நடக்கிறவர் யாருக்கும் புரியாது.

புல் கிரீனுக்கு இங்கே வழியில்லை. களம் போடுவது மாதிரிதான் போட வேண்டும். பத்து மீட்டர் அகலத்துக்கு வட்டமாக அறுத்த நெல் தாளைச் செதுக்கி, கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, காய்ந்ததும் சாணி கரைத்து மெழுகி, மேலே சலித்த ஆற்று மணலைப் பொடியாகத் தூவி, கோணிச் சாக்கை இழுத்துச் சமப்படுத்துங்கள். என்னிடம் வரும் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, பட் அடிக்கும் முன் உட்கார்ந்து அந்தச் சாக்கு இழுத்த கோடுகளைப் பார்ப்பாள், கோடு எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் தரை சாய்கிறது என்று அவளே கண்டுபிடித்தாள். நான் சொல்லித் தந்ததில்லை. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், ஆழம் குறைந்தது நாலு அங்குலம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டு ஊர் ஆட்டத்துக்குப் போதும். அதன் விளிம்பு தரையிலிருந்து ஒரு அங்குலம் கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் பந்து குழாயில் மோதி வெளியே துள்ளும்.

காய்ந்த களிமண்ணில் அயர்னைப் போட்டால் மணிக்கட்டு போய்விடும், பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். ஒவ்வொருவரும் ஒரு தென்னைநார் மிதியடியைக் கையில் வைத்துக்கொண்டு, பந்தை எடுத்து அதன்மேல் வைத்து அடிக்கலாம் என்று உள்ளூர் விதி போடுங்கள்.

விதிகளில்தான் நம் வயல் நன்றாக இருக்கும். சாணி, உதிர்ந்த வைக்கோல், விழுந்த தென்னை மட்டை இவையெல்லாம் தளர்வாகக் கிடக்கும் பொருள், பந்து அசையாமல் எடுத்துப் போடலாம், தண்டனை இல்லை. ஆனால் வேரோடு நிற்கிற தாளைப் பிடுங்கினால், மிதித்து மடக்கினாலும், இரண்டு ஷாட் தண்டனை. பந்தை நாய் தூக்கிக்கொண்டு ஓடினால் இருந்த இடத்தில் வேறு பந்தை வைத்து ஆடலாம். ஆனால் நாய்தான் எடுத்தது என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். வயல் வெடிப்பு விஷயத்தைப் பலர் தப்பாக நினைக்கிறார்கள். வெடிப்புக்குள் பந்து விழுந்தால் தண்டனையில்லாமல் வெளியே எடுத்துப் போடும் சலுகை தானாகக் கிடையாது. வெடிப்பெல்லாம் பழுது பார்க்கும் நிலம் என்று போட்டி நடத்துபவர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், நீங்கள் கட்டாயம் அறிவித்துவிடுங்கள், பங்குனியில் நம் மண் எப்படி வாய் பிளக்கும் என்று உங்களுக்கே தெரியும். வாய்க்கால் ஓரம் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் குச்சி நடுங்கள். தண்ணீர் இல்லாவிட்டாலும் அது தண்டனைப் பகுதிதான். உள்ளே இறங்கி அடிக்க முடிந்தால் அடிக்கலாம், இல்லாவிட்டால் ஒரு ஷாட் கூட்டிக்கொண்டு பந்து உள்ளே போன இடத்திலிருந்து இரண்டு கோல்ஃப் மட்டை நீளத்துக்குள், குழிக்குக் கிட்டே போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து போட வேண்டும்.

பக்கத்து உளுந்து வயல் எல்லைக்கு வெளியே. டிவியில் பார்க்கிறவர்கள் பந்து எல்லை தாண்டினால் ஒரு ஷாட் தண்டனையோடு பழைய இடத்துக்கே திரும்பி நடப்பார்கள். 2019-லிருந்து உள்ளூர் ஆட்டத்துக்கு வேறு வழி இருக்கிறது, இரண்டு ஷாட் கூட்டிக்கொண்டு எல்லை ஓரத்தில் பந்தைப் போட்டு ஆடலாம். தொழில்முறைப் போட்டிகளுக்கு இல்லை, நம்மைப் போன்றவர்களுக்கென்றே போட்ட விதி. உளுந்துக்குள் இறங்கித் தேட யாரையும் விடாதீர்கள். பந்து போனால் போகட்டும்.

கணக்குக்கு வருகிறேன். ஹேண்டிகேப் என்பது ஆடுபவரின் திறமைக்கு ஏற்ப அவர் கணக்கிலிருந்து கழித்துத் தரும் ஷாட்கள், ஊரில் யாரிடமும் அந்த அட்டை இருக்காது. அன்றைக்கே போட்டுத் தரும் சிஸ்டம் 36 என்ற முறை இருக்கிறது. பாரோ அதற்குக் கீழோ அடித்தால் 2 புள்ளி, போகிக்கு (பாரைவிட ஒரு ஷாட் கூட) 1, அதற்கு மேல் 0. ஒன்பது குழி என்றால் 18-லிருந்து மொத்தப் புள்ளியைக் கழித்தால் அவருடைய ஹேண்டிகேப். போன வருஷம் டிராக்டர் ஓட்டும் தம்பி ஒருவன் இரண்டு பார், நாலு போகி, இரண்டு டபுள் (பாரைவிட இரண்டு கூட), ஒரு டிரிபிள் (மூன்று கூட) அடித்து மொத்தம் 38. புள்ளி 8, ஹேண்டிகேப் 10, அதைக் கழித்த நிகரம் 28. எங்களில் நன்றாக ஆடும் பையன் அஞ்சு பார், மூன்று போகி, ஒரு டபுளோடு 32. புள்ளி 13, ஹேண்டிகேப் 5, நிகரம் 27. ஆறு ஷாட் வித்தியாசம் ஒரு ஷாட்டாகக் குறைந்துவிட்டது, கடைசிக் குழி வரை இரண்டு பேர் வீட்டுக்காரர்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு குழிக்கு ஆறு ஷாட்டுக்கு மேல் கிடையாது, ஆறானதும் பந்தை எடுத்துக்கொண்டு நகர வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். பந்து தேட மூன்று நிமிஷம்தான்.

ஷாட் கணக்கு எழுதும் அட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும், உங்கள் கணக்கை உங்களோடு ஆடுபவர் எழுதுவார், நீங்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதை மட்டும் டிவியில் பார்க்கிற அதே கண்டிப்போடு செய்யுங்கள். 1968-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோ 17-வது குழியில் மூன்று ஷாட்தான் அடித்தார், கூட ஆடியவர் நாலு என்று எழுதிவிட்டார், இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கூடுதலாக எழுதிய கணக்கே நின்றது, ஒரு ஷாட்டில் பிளே-ஆஃப் போனது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் நான் பென்சிலைக் கொடுப்பேன்.

பரிசு விஷயத்தில் நம் ஊர் வழக்கம் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் உள்ளதுதான், முதல் பரிசு 5,001 என்று பேனர் அடிப்பார்கள். கோல்ஃபில் அது ஆகாது. ஹேண்டிகேப் கழித்து ஆடும் போட்டியில் ரொக்கப் பரிசு வாங்கினால் அமெச்சூர், அதாவது பணத்துக்கு ஆடாதவர் என்ற தகுதி போய்விடும். நாளைக்கு இந்தப் பிள்ளைகளில் ஒருவர் மாநில அமெச்சூர் போட்டிக்குப் போகலாம், இன்றைக்கு யாரோ ஆசையாகக் கொடுக்கும் நோட்டு அதைக் கெடுக்கக் கூடாது. பணம் கொடுக்க வருகிற பெரியவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். நாங்கள் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு கொடுக்கிறோம். இரண்டாவதற்கு எவர்சில்வர் தூக்கு, கலந்துகொண்ட எல்லோருக்கும் ஒரு தொப்பி.

போட்டி முடிந்த அன்றைக்கே பந்துகளை எண்ணுங்கள். எத்தனை கொண்டுபோனீர்களோ அத்தனையும் திரும்ப வர வேண்டும், வராதவற்றை மறுநாள் காலையில் நாலு பேர் வரிசையாக நடந்து பொறுக்குங்கள். குழாய்த் துண்டுகளைப் பிடுங்கி, குழியை மண் போட்டு மூடி, மூங்கில் குச்சிகளை எண்ணிக் கட்டி வையுங்கள். எல்லாம் சுத்தமானதும் நிலத்துக்காரரை அழைத்து வந்து ஒரு சுற்று நடந்து காட்டிவிடுங்கள், அவர் கோடை உழவுக்கு டிராக்டர் சொல்வதற்கு முன்னால்.