சிவப்பு உடம்பு, நீலக் கால்: கோஸ்டா ரிக்கா காட்டில் நச்சுத் தவளையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கோஸ்டா ரிக்காவின் கரீபியன் பக்கத் தாழ்நிலக் காடுகளில் ஸ்ட்ராபெர்ரி நச்சுத் தவளைக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் அரை நாள் நடந்து ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் உண்டு. முழு வளர்ச்சி அடைந்த தவளையே 17 முதல் 24 மில்லிமீட்டர்தான். போதாக்குறைக்கு, எல்லோரும் சிவப்பைத் தேடுகிறார்கள். உதிர்ந்த பூ, ஹெலிகோனியா மடல், பழுத்த இலை என்று காட்டில் எங்கு பார்த்தாலும் சிவப்புதான். காதால் தேடுங்கள், கண்ணுக்கு வேலை கடைசி இரண்டு மூன்று மீட்டரில்தான்.

முதல்முறை போகிறவர்களுக்குச் சராபிகி பகுதி வசதி. தலைநகர் சான் ஹோசேயிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். அங்குள்ள லா செல்வா ஆராய்ச்சி நிலையக் காட்டில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அடர்காட்டை விட, கைவிடப்பட்ட பழைய கோகோ தோப்புகளில் இந்தத் தவளை அதிகம் கண்ணில் படும். பசிபிக் கரைக்குப் போனால் இது கிடைக்காது; ஓசா தீபகற்பத்தில் சிவப்பு முதுகும் பச்சை கலந்த கால்களுமாக இருப்பது வேறு இனம்.

வால்பாறைப் பக்கம் தவளை பார்த்துப் பழகியவர்கள் டார்ச் லைட்டோடு இரவில் கிளம்புவார்கள். இங்கே அது வீண். இது பகலில் நடமாடும் தவளை. காலை 6 மணியிலிருந்து 10 மணிக்குள் போங்கள். இரவில் மழை பெய்து ஓய்ந்த காலை என்றால் இன்னும் நல்லது. தொடர்ந்து சில நாள் மழை இல்லையென்றால் தவளைகள் சருகுக்குள் அடங்கிவிடும், சத்தமும் குறைந்துவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இந்த ஏமாற்றம் அதிகம்.

ஆண் தவளையின் குரல் தவளைக் குரல் மாதிரியே இருக்காது. நொடிக்கு நான்கைந்து முறை 'ட்ஸிக் ட்ஸிக் ட்ஸிக்' என்று பூச்சி இரைவது போல, விட்டு விட்டு வரும். ஏதோ சிள்வண்டு என்று பலரும் கடந்து போய்விடுகிறார்கள். கிளம்பும் முன் பதிவு செய்த குரலைப் பலமுறை கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் அதை ஒலிக்கவிடாதீர்கள். ஆண் தவளை தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதையும் துணை தேடுவதையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

பத்தடி நடந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். குரல் கேட்டதும் நேராக அதை நோக்கி ஓட வேண்டாம். நின்ற இடத்திலிருந்து திசையைக் குறித்துக்கொண்டு, பாதையிலேயே நாலைந்து மீட்டர் தள்ளி நின்று மறுபடி கேளுங்கள். இரண்டு திசைகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் ஆள் இருக்கிறது. நெருங்கும்போது குரல் சட்டென்று நின்றால் நீங்களும் அசையாமல் இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள். பெரும்பாலும் மறுபடி ஆரம்பித்துவிடும். பொறுமையிழந்து சருகைக் கிளறுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அதோடு அன்றைய வாய்ப்பு போயிற்று.

குரல் வரும் இடத்தில் தரையை மட்டும் பார்க்காதீர்கள். குரல் கொடுக்கும் ஆண் கொஞ்சம் உயரத்தை விரும்பும்: விழுந்த மரம், பலகை வேரின் மேடு, மரத்தின் அடிப்பகுதி. குந்தி உட்கார்ந்து, உங்கள் முழங்கால் உயரம் வரை கண்ணை மெதுவாக ஓட்டுங்கள். முன்கால்களை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். குரல் கொடுக்கும்போது தொண்டை ஊதி ஊதித் துடிக்கும். முதலில் கண்ணில் படுவது நிறத்தை விட அந்தத் துடிப்புதான். இரண்டு மீட்டரில் ஃபோகஸ் ஆகும் பைனாகுலர் இருந்தால், பின்னங்கால்களின் நீலமும் துல்லியமாகத் தெரியும். உள்ளூரில் இதை 'ப்ளூ ஜீன்ஸ்' என்று சொல்வது அந்தக் காலுக்காகத்தான்.

குரல் கொடுக்காத பெண்ணைப் பார்க்க வேண்டுமானால் அகன்ற இலை கொண்ட டிஃபன்பேக்கியா, அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த புரோமீலியாட் ஆகிய செடிகளில், இலை தண்டோடு சேரும் இடுக்குகளைக் கவனியுங்கள். முட்டை பொரிந்ததும் தாய் ஒவ்வொரு தலைப்பிரட்டையாக முதுகில் ஏற்றி, அங்கே தேங்கிய நீரில் கொண்டுபோய் விடும். பிறகு சில நாட்களுக்கொரு முறை வந்து, கருவுறாத முட்டையை இட்டு ஊட்டும். இலையைப் பிரித்துப் பார்த்தால் அந்தச் சிறிதளவு நீரும் கொட்டிவிடும்; மேலிருந்து பார்த்தால் போதும்.

விஷம் தோலில் இருக்கிறது. தின்னும் எறும்பு, உண்ணிப்பூச்சிகளிலிருந்து சேர்வது அது. பழங்குடியினர் வேட்டை அம்பில் விஷம் தடவப் பயன்படுத்திய தவளைகள் இவையல்ல, கொலம்பியாவின் வேறு இனங்கள். பார்ப்பதால் உங்களுக்கு ஆபத்தில்லை, ஆனால் தொடாதீர்கள். உங்கள் கையிலுள்ள கொசு விரட்டியும் சன்ஸ்கிரீனும் அதன் தோல் வழியே உள்ளே போகும். உங்களுக்கு உண்மையான ஆபத்து வேறு: சருகில் டெர்சியோபெலோ என்ற விரியன், மரத்தில், கொட்டினால் கடும் வலி தரும் புல்லட் எறும்பு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள், பார்க்காமல் எந்த மரத்திலும் கை ஊன்றாதீர்கள்.

படமெடுக்க 90 முதல் 105 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் சரி. ஈரத்தோல் பளபளப்பதால் ஃப்ளாஷ் ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசர் அவசியம். காட்டை விட்டு வெளியே வந்ததும் பூட்ஸின் சேற்றைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி போட்டு, நன்றாகக் காயவிடுங்கள். உலகெங்கும் தவளைகளைக் கொன்றுவரும் கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றோடு அடுத்த காட்டுக்குப் பயணம் போகக்கூடியது.