பழைய பிரெஞ்சு முத்துச்சிப்பிப் பெட்டி: ஈரக்காற்றில் பேணும் முறை

முதலில் போலியா என்று பாருங்கள். அசல் சிப்பி உதட்டில் வைத்தால் சில்லென்றிருக்கும். லென்ஸில் அலையலையான வளர்ச்சிக் கோடுகள் தெரியும். சூடான ஊசியால் குத்திச் சோதிக்கவே கூடாது. செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்காக இருந்தால் சட்டென்று பற்றிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாரிஸின் பலே ரொயால் கடைகளில் விற்ற தையல் பெட்டிகளின் கத்தரி, ஊசிக்குழல், வாசனைக் குப்பிகளில் பெரும்பாலும் பான்சிப் பூப் பதக்கம் பதித்திருக்கும். ஆனால் அது மட்டும் சான்றாகாது.

சிப்பி பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஆகவே எலுமிச்சை, வினிகர் ஆகாது. குத்துவிளக்கு துலக்கும் புளியும் ஆகாது. அது சிப்பியை மங்கவைக்கும், பித்தளை மேலுள்ள பொன்முலாமையும் கெடுக்கும். ஒரு கோப்பை காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்சோப்பு போதும். பஞ்சை நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே உலர்த்துங்கள். ஊறவைத்தால் சிப்பியை ஒட்டியிருக்கும் விலங்குப்பசை இளகிச் சிப்பித் தகடு கழன்றுவிடும். கழன்றதை அதே வகைப் பசையால் ஒட்டி, ஒரு நாள் மெல்லிய பாரம் வையுங்கள். சூப்பர் குளூ வேண்டாம். அடுத்தமுறை பிரிக்க முயன்றால் சிப்பியே உடையும்.

மொரீஷியஸின் கியூர்பிப் போன்ற மழை ஊர்களில் இதைவிடப் பெரிய தொல்லை சேமிப்புதான். மூடிய மர அலமாரியில், குறிப்பாக ஓக்கில், மரம் விடும் அமில ஆவி ஈரத்தோடு சேர்ந்து சிப்பியில் வெண்தூள் பூக்கவைக்கும். பூஞ்சை என்று நினைத்துத் துடைத்தால் மேற்பரப்பும் சேர்ந்து போகும். சிலிக்கா ஜெல் பையுடன், ஈரப்பதமானியில் 50 சதவீதம் ஒட்டிய அளவில் வையுங்கள். கத்தரியின் எஃகு அலகுகளுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி, சிப்பியில் படாமல்.