முதல் தலைமுறை கேனான் 5டி: வாங்கும்போதும் வாங்கிய பின்னும்

2005 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட முதல் கேனான் 5டி கேமராவில் வீடியோ கிடையாது, பின்திரையில் பார்த்தபடியே எடுக்கும் லைவ் வியூ கிடையாது, சென்சாரின் மேல் படியும் தூசியைத் தானே உதறும் வசதியும் கிடையாது. அமெரிக்காவில் லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும் 3,299 டாலருக்கு விற்ற அந்தக் கேமராவின் பெருமையெல்லாம், 35 மி.மீ. ஃபிலிமின் சட்டக அளவுள்ள 12.8 மெகாபிக்சல் சென்சாரை 810 கிராம் எடைக்குள் அடக்கித் தந்ததில்தான் இருந்தது. இன்று அது தன் தொடக்க விலையின் சிறு பங்குக்கே பழைய பொருளாகக் கிடைக்கிறது. அதன் தோல்நிறத்தையும், அகன்ற வியூஃபைண்டரையும் விட மனமில்லாமல் இன்னும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றை வாங்க நினைப்பவர், வாங்கும் இடத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும், வாங்கிய பின் எப்படிப் பழக வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன்.

வாங்கப் போகும்போது இந்தக் கேமராவுக்குப் பொருந்தும் இஎஃப் வகை லென்ஸ் ஒன்று, படங்கள் பதிவாகும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு ஒன்று, படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு மடிக்கணினியும் கார்டு ரீடரும், ஒரு சிறு டார்ச் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். லென்ஸைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்ஸ் கண்ணாடியை. இந்த மாடலில் கண்ணாடி அதன் தாங்கியோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பசை வலுவிழந்து கண்ணாடி கழன்று விழுவது பலருக்கும் நேர்ந்ததால், நிறுவனமே ஒரு காலத்தில் அதை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. எனவே அந்தப் பழுதுபார்ப்பு நடந்திருக்கிறதா என்று விற்பவரைக் கேளுங்கள். நடந்திருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம், அது கூடுதல் தகுதி. கண்ணாடியின் ஓரங்களில் பசை வழிந்த தடமோ, ஒரு பக்கம் சற்றே சரிந்த தோற்றமோ இருக்கிறதா என்று டார்ச் ஒளியில் பாருங்கள். விரலால் மட்டும் தொட வேண்டாம், ஏனெனில் அதன் ஒளி திருப்பும் பூச்சு முன்பக்கத்தில் இருப்பதால் எளிதில் கீறல் விழும்.

அடுத்தது கார்டு நுழையும் இடம். காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் துளைகள்தான் இருக்கும். அவற்றில் நுழையும் 50 மெல்லிய ஊசிகள் கேமராவுக்குள் இருக்கும். அந்த ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் கேமரா கார்டைப் படிக்காமல் போகலாம். இதை நான் என் அவசரத்தால் கற்றுக்கொண்டேன்: ஒரு மாலை வெளிச்சம் போய்விடப் போகிறதே என்ற பதற்றத்தில் கார்டைச் சாய்வாக அழுத்தினேன், உள்ளே மெல்ல ஒரு 'நறுக்' கேட்டது, அன்றைய படம் அதோடு முடிந்தது. டார்ச்சை நேராகப் பிடித்துப் பார்த்தால், வரிசையில் பல் விழுந்த சீப்பைப் போல வளைந்த ஊசி தனித்துத் தெரியும்.

சென்சாரின் முன் திறந்து மூடும் திரைகளான ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண், நிக்கான் கேமராக்களில் பெரும்பாலும் படக்கோப்பிலேயே பதிவாகியிருக்கும்; இந்தக் கேனானில் அப்படிக் கிடைக்காது. ஆகவே விற்பவர் சொல்லும் எண்ணிக்கையை ஒரு பேச்சாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஷட்டரையே சோதியுங்கள். சீரான வெளிச்சமுள்ள வெள்ளைச் சுவரை 1/8000 நொடியில் சில முறை எடுத்துப் பார்த்தால், திரைகளின் வேகம் தளர்ந்திருக்கும்போது படத்தின் ஒரு பக்கம் இருண்டு காட்டும். பிறகு லென்ஸ் துளையை எஃப் 22 வரை சுருக்கி, குவியத்தை வேண்டுமென்றே தவறவிட்டு, அதே சுவரை எடுங்கள். சென்சாரில் இருக்கும் தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். ஊதுகுமிழால் போகக்கூடிய தூசிக்காகப் பேரத்தைக் கைவிட வேண்டியதில்லை. கோடுபோலக் கீறல் தெரிந்தால் தயங்காமல் திரும்பிவிடுங்கள்.

வாங்கிய பின் முதல் நாளில் குழப்பும் ஒரு சிறு விஷயம் உண்டு. பின்பக்கத்துப் பெரிய சக்கரத்தைச் சுழற்றினால் எதுவும் மாறாது. பழுது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பவர் சுவிட்சுக்கு மூன்று நிலைகள் இருக்கின்றன. நடுநிலையான 'ஆன்' என்பதையும் தாண்டி, சாய்கோடு போட்ட மூன்றாம் நிலைக்குத் தள்ளினால்தான் அந்தச் சக்கரம் வேலை செய்யும். அதுபோலத் தேதி ஒவ்வொரு முறையும் அழிந்துபோனால், கடிகாரத்துக்கென்று தனியாக உள்ள சிஆர் 2016 பொத்தான் பேட்டரியை மாற்றினால் போதும். முதன்மை பேட்டரியான பிபி-511ஏ பழையதாக இருந்தால் சார்ஜ் நிற்காது, புதிதாக இரண்டு வாங்கிவிடுங்கள். லென்ஸ்களில் சிவப்புப் புள்ளியுள்ள இஎஃப் வகை மட்டுமே பொருந்தும். வெள்ளைச் சதுரமுள்ள இஎஃப்-எஸ் வகை பொருந்தாது.

இனி எக்ஸ்போஷர், அதாவது சென்சாரில் விழவிடும் ஒளியின் அளவு. இந்தக் கேமராவோடு பழகுவதில் பாதி வேலை இதுதான். 2.5 அங்குலப் பின்திரையில் 2,30,000 புள்ளிகள்தான் இருக்கின்றன, வெயிலில் அவையும் தெரிவதில்லை. படம் மங்கலாகத் தெரிகிறதே என்று உடனே அழித்துவிடாதீர்கள், மங்கல் திரையினுடையதாக இருக்கலாம். திரையில் நம்ப வேண்டியது, மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாக வரும், ஒளி பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமையும், வெளிறிப்போன இடங்களில் மினுக்கும் எச்சரிக்கையையும் மட்டுமே. உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரை நிறுத்தி எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் படத்தில் இடுப்புக்குக் கீழே வேட்டி முழுவதும் மினுக்கினால், அங்கே நெசவின் இழை கோப்பில் பதிவாகவே இல்லை என்று பொருள். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து மறுபடி எடுங்கள். மடிப்பு ஓரத்தில் மட்டும் ஒரு மினுக்கு எஞ்சினால் போதும். அதற்காக ஒரேயடியாக இருட்டாக எடுத்துவிட்டு, கணினியில் வெளிச்சத்தைத் தூக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடவும் கூடாது. புதிய கேமராக்களில் அந்தப் பழக்கம் செல்லுபடியாகும்; இதில் நிழல் பகுதிகளின் வெளிச்சத்தை மிகவும் தூக்கினால் துணியில் சாயம் ஓடியதுபோலக் கோடுகள் எழும்பி நிற்கும். மங்கிய வெளிச்சத்தில் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவை வைத்து, 400-இல் இருட்டாக எடுத்துத் தூக்குவதைவிட, ஐஎஸ்ஓ 1600-இல் சரியான அளவில் எடுப்பதே மேல். 3200 கூட உண்டு, கஸ்டம் ஃபங்ஷன் என்ற மெனுப் பகுதியில் திறந்துகொள்ளலாம். ஆனால் கறுப்பு வெள்ளையாக மாற்றப்போகும் படங்களுக்கு மட்டுமே நான் அதைத் தொடுவேன்.

கேமரா பண்படுத்தாத ரா கோப்பாகவே எடுங்கள். ஒரு கோப்பு ஏறத்தாழ 13 எம்பி. 4 ஜிபி கார்டில் 300 படங்கள் அளவுக்கு அடங்கும், ஒரு நாளுக்கு அது போதும். நிறத்தைப் பற்றிய பேச்சில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய கேமராக்களின் நிறம் சிசிடி என்ற பழைய வகைச் சென்சாரால் வந்தது என்று சொல்லிப் பூரிப்பவர்கள் உண்டு. எல்லோரும் நிறத்துக்காகப் புகழும் இந்த 5டியில் இருப்பதோ வேறு வகையான சிமாஸ் சென்சார். நிறத்தில் பெரும்பங்கு சென்சாரின் மேலுள்ள வண்ண வடிகட்டிக்கும் கோப்பைப் பண்படுத்தும் முறைக்கும் உரியது.

குவியத்துக்கு ஒன்பது புள்ளிகள் இருந்தாலும் நடுப்புள்ளியை நம்புவது நல்லது. லென்ஸ் முன்பின்னாகக் குவிந்தால் திருத்திக்கொள்ளும் நுண்சீரமைப்பு வசதி இதில் இல்லை, 2008-இல் வந்த மார்க் 2-இல்தான் அது சேர்ந்தது. எனவே 50 மி.மீ. எஃப் 1.8 போன்ற லென்ஸை வாங்கும் முன், மேசையில் ஓர் அடிக்கோலைக் கிடத்தி, 45 பாகைச் சாய்வில் நின்று, 15 செ.மீ. கோட்டில் குவித்து, துளையை முழுவதும் திறந்து எடுத்துப் பாருங்கள். படத்தில் 15-க்குப் பதிலாக 14 செ.மீ. கோடு கூர்மையாக வந்தால் அந்த லென்ஸ் இந்த பாடிக்கு உதவாது. கையால் குவிக்கும் பழைய லென்ஸ்களை அடாப்டர் போட்டுப் பயன்படுத்த விரும்புகிறவர்கள் வியூஃபைண்டரில் குவியத்தைத் தெளிவாகக் காட்டும் ஈஈ-எஸ் என்ற குவியத் திரையைத் தேடிப் பொருத்திக்கொள்ளலாம். பொருத்திய பின் கஸ்டம் ஃபங்ஷனில் திரை வகையை மாற்ற மறந்தால் ஒளி அளவு தவறிவிடும். அடாப்டரில் ஏற்றும் சில லென்ஸ்களின் பின்பகுதி கண்ணாடியில் இடிக்கும் என்பதால், புதிய லென்ஸ் ஒன்றைப் பொருத்தி ஷட்டரை அழுத்தும் முன், அது இடிக்கும் லென்ஸ்களில் ஒன்றா என்று விசாரித்துவிடுங்கள்.